ஜப்பானுக்கு முதல் பயணம்: பட்டியலைக் குறைத்ததால் பார்க்க முடிந்தவை

ஜப்பானுக்கு முதன்முறையாகப் போகிறவர்களின் திட்டம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. டோக்கியோவில் இறங்குவது, ஃபுஜி மலையடிவாரத்தில் ஓரிரவு தங்குவது, பிறகு கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிரோஷிமா என்று மேற்கே போய் அங்கிருந்து விமானம் ஏறுவது. நானும் என் மனைவியும் எழுபதை நெருங்கிக்கொண்டிருக்கும் என் அம்மாவுமாகச் சென்னையிலிருந்து நவம்பர் மாதத்தில் போவதென்று முடிவானபோது, முதலில் எழுதிய திட்டமும் அதுதான். விசா விண்ணப்பத்தோடு எந்த நாளில் எந்த ஊரில் இருப்போம், எங்கே தங்குவோம் என்று நாள்வாரியாக எழுதித் தர வேண்டும். அந்தத் தாளை நிரப்பி முடித்துப் படித்துப் பார்த்த மனைவி, இதில் பாதி நாள் பெட்டி கட்டுவதிலும் அவிழ்ப்பதிலுமே போய்விடும் என்றாள். ஒசாகாவையும் ஃபுஜி அடிவாரத்தையும் நீக்கிவிட்டு, டோக்கியோவில் சில நாள், மீதமெல்லாம் கியோட்டோ, அங்கிருந்தே நாராவுக்கும் ஹிரோஷிமாவுக்கும் காலையில் போய் இரவில் திரும்புவது என்று மாற்றினோம். இந்தப் பயணத்துக்காகச் செய்த ஏற்பாடுகளில் இதுதான் எங்களுக்கு மிகவும் உதவியது. ஒசாகா கோட்டையை விட்டதில் எனக்கு வருத்தமில்லை. இப்போதுள்ள அதன் கோபுரம் 1931-ல் கான்கிரீட்டில் எழுப்பப்பட்டது, உள்ளே மின்தூக்கி இருக்கிறது. கோட்டைதான் பார்க்க வேண்டும் என்பவர்கள் 1609 முதல் மரத்தாலேயே நிற்கும் ஹிமேஜிக்குப் போகலாம்.

இந்தியாவில் வசிப்பவர்களுக்குச் சுற்றுலா விசா இப்போது மின்விசாவாகக் கிடைக்கிறது. அதை இணையத் தொடர்போடு கைபேசித் திரையில் காட்ட வேண்டும். அச்சிட்ட தாளையும் திரைப்பிடிப்பையும் ஏற்பதில்லை. ஆகவே அங்கே இறங்கிய கணத்திலிருந்து வேலை செய்யும் இணைய வசதியை இங்கேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பெரியவர்களோடு போகிறவர்கள் மருந்துச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் எழுதித் தந்த மருந்தை ஒரு மாத அளவுக்கு மேல் கொண்டுபோக முன் அனுமதி தேவை. சளிக்கு நாம் சாதாரணமாக விழுங்கும் சில மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மாத்திரைக்கு அங்கே தடை. பச்சைக் கறிவேப்பிலையையும் பழங்களையும் பயிர் நலச் சான்றிதழ் இல்லாமல் எடுத்துப்போக முடியாது என்று தெரிந்ததும் அம்மா பெட்டியிலிருந்து ஒரு பொட்டலத்தை மௌனமாக வெளியே எடுத்து வைத்தார். அங்கே மின்சாரம் 100 வோல்ட், செருகி இரண்டு தட்டைக் கம்பிகள் கொண்டது. கைபேசி மின்னேற்றிகளுக்கு இணைப்பான் மட்டும் போதும். நம் ஊர் மின்கெண்டியைக் கொண்டுபோவதில் பயனில்லை, பெரும்பாலான விடுதி அறைகளில் ஒன்று இருக்கும்.

டோக்கியோவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கில்லை. அசகுசாவின் சென்சோஜி கோயிலை அதிகாலையில் பார்ப்பதும், மெய்ஜி ஜிங்கு ஆலயத்தின் காட்டுக்குள் நடப்பதும் போதுமென்று எங்களுக்குத் தோன்றியது. அந்தக் காடு இயற்கையாக வளர்ந்ததுபோல் இருந்தாலும், 1920-ல் ஆலயம் எழுந்த காலத்தில் நாடெங்குமிருந்து மக்கள் அனுப்பிய ஏறக்குறைய ஒரு லட்சம் மரங்களை நட்டு உருவாக்கியது. டோக்கியோவில் புதியவர்களைத் திணறடிப்பவை ரயில் நிலையங்கள். ஷின்ஜுகு நிலையத்துக்கு மட்டும் 200-க்கு மேற்பட்ட வாயில்கள் உண்டு. போக வேண்டிய இடத்தின் நிலையப் பெயரோடு வாயில் எண்ணையும் குறித்துக்கொண்டு கிளம்பினால், முதியவரை வீணாக அரை மணி நேரம் படியேற்றி இறக்கும் கொடுமை நேராது. ‘சுய்கா’ போன்ற கட்டண அட்டை ஒன்றை ஆளுக்கொன்றாக வாங்கிவிட்டால் பெரும்பாலான நகரங்களின் ரயிலிலும் பேருந்திலும் அதையே தொட்டுத் தொட்டுப் போகலாம். ஆனால் அந்த அட்டையில் பணம் ஏற்ற நிலைய இயந்திரங்கள் பெரும்பாலும் ரொக்கமே கேட்கின்றன. எனவே கொஞ்சம் யென் எப்போதும் பையில் இருக்க வேண்டும்.

ஜப்பான் ரயில்வே குழுமமான ஜேஆரின் ரயில்களுக்காகச் சேர்த்து வாங்கும் ‘ஜேஆர் பாஸ்’ என்ற சீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்பவர்கள் பழைய விலையை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். ஏழு நாள் சீட்டு 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்துவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஒருவழிக் கட்டணம் ஏறக்குறைய 14,000 யென். அதோடு கியோட்டோவிலிருந்து ஹிரோஷிமா போய்வரும் செலவையும் கூட்டினால்கூட 50,000-ஐ எட்டவில்லை என்பதால் தனித்தனியாகவே பயணச்சீட்டு எடுத்தோம். கியோட்டோ நோக்கிப் போகும் வண்டியில் ஆங்கில ‘ஈ’ எழுத்திட்ட வலப்பக்க ஜன்னல் இருக்கையைக் கேட்டு வாங்கினால், கிளம்பி முக்கால் மணி நேர அளவில், மேகம் விட்டுக்கொடுத்தால், ஃபுஜி முழு உருவமாகத் தெரியும். எங்களுக்கு மேகம் விட்டுக்கொடுத்தது. மலையடிவாரத்தில் ஓரிரவு தங்கும் செலவை மிச்சப்படுத்திய திருப்தியும் அதில் சேர்ந்துகொண்டது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கியோட்டோ 794 முதல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பேரரசர்களின் தலைநகராக இருந்த ஊர். அங்கே எல்லோரும் முதலில் தேடிப்போகும் ஃபுஷிமி இனாரி ஆலயத்துக்கு நாங்கள் விடியும் நேரத்தில் போனோம். கியோட்டோ நிலையத்திலிருந்து நாரா வழித்தடத்தில் இரண்டாவது நிறுத்தம் அது. விரைவு வண்டிகள் அங்கே நிற்பதில்லை, சாதாரண வண்டியில்தான் ஏற வேண்டும். ஆலயத்துக்கு அடைக்கும் நேரமும் நுழைவுக் கட்டணமும் கிடையாது. நெல்லுக்கும் வணிகத்துக்கும் உரிய தெய்வமான இனாரியின் தூதராக நரி கருதப்படுவதால் வழியெங்கும் கல்நரிகள் நிற்கின்றன. சிலவற்றின் வாயில் நெற்கதிர், சிலவற்றின் வாயில் களஞ்சியத்தின் சாவி. மலைமேல் போகும் பாதையை மூடியபடி நிற்கும் ஆயிரக்கணக்கான செந்நிறத் தோரண வாயில்களைப் படங்களில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். படத்தில் தெரியாத ஒன்றை இறங்கும்போது பார்த்தோம். ஏறும்போது வெறும் சிவப்பாகத் தெரிந்த தூண்களின் மறுபுறம் முழுவதும் கறுப்பு எழுத்துகள். ஒரு தூணில் காணிக்கை செலுத்திய நிறுவனத்தின் அல்லது ஆளின் பெயர், மறு தூணில் செலுத்திய ஆண்டும் மாதமும். நம் கோயில்களில் குழல்விளக்கின்மேல் உபயதாரர் பெயர் எழுதும் வழக்கத்தை அறிந்த நமக்கு இது உடனே புரிந்துவிடும். அடி மக்கிப்போன வாயில்களை அகற்றிப் புதியன நடுவதால், அருகருகே இருக்கும் இரண்டு வாயில்களின் வயது வெகுவாக வேறுபடுகிறது. உச்சி வரை ஏறி இறங்க இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். முழங்கால் வலி உள்ளவர்கள் பாதி வழியில் ஊர் முழுவதும் தெரியும் யோத்சுத்சுஜி என்ற சந்திப்பிலேயே உட்கார்ந்துவிட்டுத் திரும்பலாம். அம்மா அப்படித்தான் செய்தார்.

ஜப்பானின் பூர்விகச் சமயமான ஷிண்டோவின் ஆலயத்துக்கும் பௌத்தக் கோயிலுக்கும் உள்ள வேறுபாட்டை முன்பே தெரிந்துகொண்டு போவது அவசியம். தோரண வாயில் இருந்தால் ஷிண்டோ ஆலயம். அங்கே நுழையும் முன் தலை தாழ்த்திவிட்டு, நடுவழியைத் தெய்வத்துக்கு விட்டு ஓரமாக நடக்கிறார்கள். நீர்த்தொட்டியில் அகப்பையை வலக்கையால் எடுத்து இடக்கையைக் கழுவி, கை மாற்றி வலக்கையைக் கழுவி, பிறகு இடது உள்ளங்கையில் நீர் வாங்கி வாய் கொப்பளிக்க வேண்டும். அகப்பையில் வாய் வைக்கக் கூடாது. கடைசியில் அகப்பையை நிமிர்த்திப் பிடித்து மிஞ்சிய நீரால் அதன் காம்பையும் கழுவி வைப்பது அடுத்து வருபவருக்குக் காட்டும் மரியாதை. சன்னிதியில் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, ஒருமுறை குனிந்து வணங்குவது ஷிண்டோ முறை. பௌத்தக் கோயிலில் கைதட்டுவதில்லை, கைகூப்பினால் போதும்.

செருப்பைக் கழற்றுவது நமக்குப் புதிதல்ல என்று நினைத்துத்தான் போனோம். ஆனால் கழற்றும் விதத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. வாசலில் தாழ்ந்த தரையும் உயர்ந்த மரத்தரையும் இருக்கும். காலணியோடு மேல்தரையை மிதிக்கக் கூடாது, காலுறையோடு கீழ்த்தரையில் நிற்கவும் கூடாது. கீழே ஒரு காலைக் கழற்றிய உடனே அந்தக் காலை மேலே வைத்துவிட வேண்டும். நாடா கட்டும் காலணி அணிந்தவர்கள் இதில் படும் பாட்டை ஒவ்வொரு கோயில் வாசலிலும் பார்த்தோம். சட்டென்று கழற்றி மாட்டக்கூடிய காலணியும், ஓட்டையில்லாத தடித்த காலுறையும் கொண்டுபோகச் சொல்வேன்; நவம்பரில் பழைய மரத்தரையின் குளிர் எலும்பு வரை ஏறுகிறது.

அந்தக் குளிரை நான் நன்றாக உணர்ந்த இடம் சஞ்சூசங்கென்தோ. கியோட்டோவில் ஒரே ஒரு கோயில்தான் பார்க்க முடியும் என்றால் எதைப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பொற்கோயிலான கின்காகுஜி இதைவிடப் புகழ்பெற்றது. ஆனால் இப்போதுள்ள பொன் மண்டபம், 1950-ல் ஓர் இளந்துறவி பழையதைத் தீயிட்டு அழித்தபின் 1955-ல் மீண்டும் கட்டியது. கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டே போவதால் நின்று பார்ப்பதும் கடினம். சஞ்சூசங்கென்தோ ஏறக்குறைய 120 மீட்டர் நீளமுள்ள ஒரே மரக்கூடம். 1249-ல் எரிந்து 1266-ல் மீண்டும் எழுந்தது. உள்ளே நடுவில் அமர்ந்த நிலையில் ஒரு பெரிய கன்னோன், அதாவது பௌத்தத்தில் கருணையின் வடிவான அவலோகிதேசுவரர். அவருக்கு இருபுறமும் பத்து வரிசைகளில் ஐந்நூறு ஐந்நூறாக நிற்கும் ஆயிரம் கன்னோன்கள். ஒவ்வொருவருக்கும் பதினொரு முகங்கள், பக்கவாட்டில் நாற்பது கைகள். பொன்னிறம் மங்கிய அந்த முகங்கள் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. தேடினால் நாம் பார்க்க ஏங்கும் ஒருவரின் முகம் அந்தக் கூட்டத்தில் கிடைக்கும் என்பது அங்குள்ள நம்பிக்கை.

ஆனால் எங்களை நிறுத்தியவை அவற்றுக்கு முன்வரிசையில் நிற்கும், 28 காவல் தெய்வங்களும் காற்று, இடித் தேவர்கள் இருவருமாக 30 சிலைகள். மரத்தில் செதுக்கி, கண்ணுக்குப் படிகம் பதித்தவை. ஒவ்வொன்றின் முன்னும் உள்ள பலகையில் சம்ஸ்கிருதப் பெயரும் இருந்ததால் நான் வாசித்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். இந்திரன், பிரம்மா, மூன்று முகமும் ஆறு கையுமாக அசுரன், இரு கோடிகளில் காற்று மூட்டையைத் தோளில் சுமந்த வாயு, முரசு வளையத்தோடு இடித்தேவன். அலகும் சிறகுமாக ஒரு பறவை முகத்தான் உதட்டில் குழலை வைத்து ஊதிக்கொண்டு நின்றான். பெயர்ப் பலகையில் கருடன் என்று இருந்தது. அம்மா சிறிது நேரம் பார்த்துவிட்டு, “கருடாழ்வார் புல்லாங்குழல் வாசிக்கிறாரே, அது பெருமாள் வேலையாச்சே!” என்றார். எங்களுக்குப் பின்னால் வந்த கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. அவர் நகரவே இல்லை. இந்தியாவில் கிளம்பி, சீனமும் கொரியாவும் கடந்து, பௌத்தத்தின் காவலர்களாக இங்கே வந்து சேர்ந்த தெய்வங்கள் இவை. உள்ளே படம் எடுக்கத் தடை. அந்தத் தடை நல்லது என்றுதான் எனக்குப் பட்டது. மொத்தக் கூடமும் கைபேசியை உயர்த்தாமல் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது.

நாராவுக்கு ஒரு பகல் போதும், ஆனால் அது முழுப் பகலாக இருக்க வேண்டும். கிந்தெத்சு ரயில் நிறுவனத்தின் நாரா நிலையம் பூங்காவுக்கு அருகில் இருக்கிறது. பெரியவர்களுக்கு அதுவே வசதி. தோதாய்ஜி கோயிலில் ஏறக்குறைய 15 மீட்டர் உயரமுள்ள வெண்கலப் புத்தர் அமர்ந்திருக்கிறார். 752-ல் அந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அவர் ஜப்பான் வந்தது 736-ல். அவர் பிடித்த தூரிகையில் நீண்ட நூல்களைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அந்த நூல்களைப் பற்றிக்கொண்டு தாங்களும் கண் திறப்பதில் பங்குகொண்டார்கள். அந்தத் தூரிகை ஷோசோயின் என்ற பேரரசுக் கருவூலத்தில் இன்றும் இருக்கிறது. கருவூலப் பொருள்களில் சிலவற்றை ஆண்டுதோறும் அக்டோபர் இறுதியிலிருந்து நவம்பர் முற்பகுதி வரை நாரா தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கிறார்கள். நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். கியோட்டோ நகருக்குள் இலைகள் சிவப்பது நவம்பர் பிற்பாதியில்தான். அதைக் காண வரும் கூட்டத்தில் சிக்குவதைவிட மாதத் தொடக்கத்தில் போய் இந்தக் கண்காட்சியைப் பார்ப்பதே மேல் என்று நாங்கள் தீர்மானித்தோம். பூங்காவின் மான்கள் பிஸ்கத்துக்காகத் தலை குனிந்து வணங்குவது உண்மைதான். கொடுக்கத் தாமதித்தால் புடவைத் தலைப்பைக் கடித்து இழுப்பதும் உண்மை.

இனி சாப்பாடு. அம்மா முட்டைகூடச் சேர்க்காத சைவம். இறைச்சித் துண்டும் மீன் துண்டும் தட்டில் இல்லையென்றால் அது சைவம் என்று ஜப்பானில் எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே சமையலின் அடித்தளமே ‘தாஷி’ என்ற சாறு. அதைச் சூரை மீனை வேகவைத்து, புகையிட்டு, மரக்கட்டைபோல் காயவைத்துச் சீவிய தூளில் எடுக்கிறார்கள். தூத்துக்குடிப் பக்கத்தாரும் ஈழத்தவரும் மாசிக் கருவாடு என்று அறிந்ததற்கு நெருங்கிய உறவு அது. மிசோ சூப்பில், நூடுல்ஸ் குழம்பில், வேகவைத்த கீரையில், சைவம்போலத் தோன்றும் பொரித்த சோயாக்கட்டிப் பையில் சோறு அடைத்த இனாரி சுஷியில்கூட அது இருக்கும். “இறைச்சி, மீன், முட்டை, மீன் சாறு எதுவும் சாப்பிடுவதில்லை, கடற்பாசிச் சாறு சாப்பிடுவோம்” என்று ஜப்பானிய மொழியில் அச்சிட்ட அட்டை ஒன்றை எப்போதும் வைத்திருந்தோம். ஒரு நூடுல்ஸ் கடைக்காரர் அதை இருமுறை படித்துவிட்டு, கொதிக்கும் பாத்திரத்தைக் காட்டி, இரண்டு முன்கைகளையும் மார்புக்கு முன்னால் குறுக்காக வைத்துக் காட்டினார். முடியாது என்பதற்கான சைகை அது. வியாபாரத்துக்காகத் தலையாட்டிவிடாமல் வாசல் வரை வந்து வருத்தம் தெரிவித்து அனுப்பியதற்கு நாங்கள்தான் நன்றி சொன்னோம்.

ஆயினும் கியோட்டோதான் சைவர்களுக்கு ஜப்பானில் நல்ல ஊர். ஜென் பௌத்த மடங்களில் உருவான ‘ஷோஜின் ரியோரி’ என்ற சமையலில் மீனும் இறைச்சியும் மட்டுமின்றி வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை. அரஷியாமாவில் உள்ள தென்ரியூஜி கோயில் வளாகத்திலேயே அது கிடைக்கிறது. சிவப்பு அரக்குக் கிண்ணங்களில் எள்ளை அரைத்துக் கிழங்கு மாவோடு கிளறி உறையவைத்த கட்டி, கோதுமைப் பசையில் செய்த ‘ஃபு’, சோயாப் பால் கொதிக்கும்போது மேலே படியும் ஏடு, ஊறுகாய், சோறு என்று சிறிது சிறிதாக வைத்தார்கள். காரம் அறவே கிடையாது என்பதால் என் மனைவிக்கு அது ஒருவேளை அனுபவமாகவே போதுமாக இருந்தது. அம்மாவோ ஏகாதசிக்கு ஏற்ற சாப்பாடு என்று பாராட்டினார். மற்ற வேளைகளுக்கு, கடைகளில் கிடைக்கும் வெந்த சோற்றுப் பொதியைச் சூடாக்கி, கொண்டுபோன பருப்புப்பொடியையும் புளிக்காய்ச்சலையும் கலந்து சாப்பிட்டோம். டோக்கியோவில் இந்தியர்கள் அதிகம் வாழும் நிஷி கசாய் பகுதிக்குப் போனால் தோசையும் கிடைக்கும்.

மரபு விடுதியான ‘ரியோகான்’ ஒன்றில் ஓரிரவாவது தங்கத்தான் வேண்டும். அங்கே இரவு உணவு குறித்த நேரத்தில் வரும், பெரும்பாலும் மீன் சார்ந்தது. எனவே சைவம் என்பதை அறை பதிவு செய்யும்போதே எழுதிவிட வேண்டும். போய்ச் சேர்ந்தபின் சொன்னால் அவர்களைச் சங்கடப்படுத்தியதாகவே ஆகும். அணியத் தரும் ‘யுகாதா’ அங்கியை இடப்பக்கம் மேலே வரும்படி கட்ட வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது பிணத்துக்கு உடுத்தும் முறை. வெந்நீர் ஊற்றுக் குளியலில் எல்லோரும் உடையின்றித்தான் இறங்குகிறார்கள். முதலில் வெளியே அமர்ந்து சோப்புப் போட்டு முழுவதுமாகக் கழுவிக்கொண்ட பிறகே தொட்டிக்குள் போக வேண்டும். இதற்குக் கூச்சப்படுபவர்கள், எங்கள் வீட்டில் எல்லோருமே அப்படித்தான், ஒரு குடும்பத்துக்கு மட்டும் சிறிது நேரம் வாடகைக்கு விடும் ‘கஷிகிரி’ குளியலறை உள்ள விடுதியாகப் பார்த்துப் பதிவு செய்யலாம்.

ஹிரோஷிமாவை மற்ற இடங்களோடு சேர்த்து ஒரே மூச்சில் எழுதுவது எனக்குக் கடினமாக இருக்கிறது. 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15-க்கு விழுந்த குண்டில் எலும்புக்கூடாக நின்ற கட்டடம் இன்றும் ஆற்றங்கரையில் அப்படியே இருக்கிறது. அருங்காட்சியகத்தில் மூன்று வயதுக் குழந்தை ஓட்டிக்கொண்டிருந்த, துருவும் கரியுமான மூன்று சக்கர வண்டி இருக்கிறது. அதன் முன் பள்ளிப் பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதே நாளில் மியாஜிமா தீவின் கடல் நடுவே நிற்கும் தோரண வாயிலையும் பார்க்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நேரம் போதும், மனம் இடம் தருமா என்பது அவரவரைப் பொறுத்தது. நாங்கள் போகவில்லை.

பொது இடத்தில் குப்பைத் தொட்டி அரிதாகவே கண்ணில் படும். 1995-ல் டோக்கியோ சுரங்க ரயிலில் நடந்த நச்சுவாயுத் தாக்குதலுக்குப் பின் பல இடங்களில் தொட்டிகளை அகற்றிவிட்டார்கள். நம் குப்பையை நாமே விடுதி வரை சுமக்க ஒரு பை வேண்டும். ரயிலில் கைபேசியில் பேசுவதில்லை. கடையில் பணத்தைக் கையில் நீட்டாமல் சிறு தட்டில் வைக்க வேண்டும். அன்பளிப்புப் பணம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. கியோட்டோ நகரப் பேருந்தில் பின்வாசலில் ஏறி, இறங்கும்போது முன்வாசலில் ஓட்டுநர் அருகே கட்டணம் செலுத்த வேண்டும். டோக்கியோவில் முன்வாசலில் ஏறும்போதே செலுத்திவிட வேண்டும்.

பெரிய பெட்டிகளோடு ரயில் ஏற வேண்டாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு ஷின்கான்செனில் அதற்கென்று ஒதுக்கிய இடத்தை இருக்கையோடு சேர்த்து முன்பதிவு செய்தாக வேண்டும். அதைவிட எளிய வழி, விடுதி வரவேற்பறையிலேயே பெட்டியைக் கொடுத்து அடுத்த ஊர் விடுதிக்கு அனுப்பிவிடும் ‘தக்கியூபின்’ சேவை. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு மறுநாளே வந்துவிட்டது. விமான நிலையத்துக்கு அனுப்புவதென்றால் இரண்டு நாள் முன்னதாகவே கொடுத்துவிடுவது பாதுகாப்பு. இடைப்பட்ட ஓரிரவுக்கான மாற்றுடையையும் அம்மாவின் மருந்துகளையும் தோள்பையில் வைத்துக்கொண்டோம். வெளிநாட்டவர் கடவுச்சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம் என்பதால் அதையும் பெட்டியில் போட்டு அனுப்பிவிடக் கூடாது.